இவ்வளவு காலமும் நின்றதுதானே

டென்மார்க்கில் நான் வேலை செய்த வைலே நகர அலுவலகத்தில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களில் மூன்று பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்று கார்த்திக் தொலைபேசியில் சொன்னார். "ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு விட்டுடுவோமா அக்கா? பழைய சர்ச் வேலையப் பத்தி இவங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார். நாலு வார்த்தையில் முடியாது. நடந்த ஒன்றைச் சொன்னால் ஒருவேளை முடியும்.

நான் யாழ்ப்பாணத்தில் கட்டட வரைபடம் படித்தவள். டென்மார்க்குக்கு வந்த முதல் வருடங்களில் மீன் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு மொழி படித்து, ஹோர்சன்ஸில் கட்டடத் தொழில்நுட்பம் படித்து, பழைய கட்டடங்களைப் பரிசோதிக்கிற இந்த வேலைக்கு வந்தேன். சைவக் குடும்பத்துப் பெண், வேலை செய்த காலத்தில் பாதியைத் தேவாலயங்களின் கூரைக்குள் கழித்திருக்கிறேன். "அம்மா ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற எல்லா நாளும் சேர்ச்சுக்குப் போறா" என்று என் பிள்ளைகள் டெனிஷில் நையாண்டி செய்வார்கள்.

கணக்குப் போடுவது, ஸ்கேன் எடுப்பது, அறிக்கை எழுதுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போகவில்லை. கணக்கு முடிகிற இடத்தில் நீங்கள் தனியாக நிற்கப்போகிற நேரம் ஒன்று வரும். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அந்தத் தேவாலயத்தின் பெயர் வேண்டாம். யூலண்ட் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம், ஈரப் புல்வெளிக்கு நடுவே நிற்கிறது. மத்திய காலத்தில் வெள்ளை அங்கித் துறவிகளின் மடமாக இருந்த இடம். மடம் இடிந்து போய்விட்டது, தேவாலயம் மட்டும் ஊராருக்கு மிஞ்சியது. முழுக்கச் செங்கல். கட்டுவதற்கு நல்ல பாறை இந்த நாட்டில் குறைவு என்பதால் துறவிகள் களிமண்ணைச் சுட்டார்கள். ஒவ்வொரு செங்கல்லும் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பருமன்.

மேலே இருந்து பார்த்தால் சிலுவை வடிவம். கிழக்கே பலிபீடம் உள்ள தலைப்பகுதி, வடக்கும் தெற்குமாக இரண்டு கைகள், மேற்கே நீண்டு போகிற மண்டபம். கிழக்கிலிருந்துதான் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். பலிபீடம் இருந்தால் வழிபாட்டைத் தொடங்கிவிடலாம், மற்றது மெல்ல வளரட்டும் என்ற எண்ணம். அது மெல்லத்தான் வளர்ந்தது. கிழக்கில் யன்னல்களின் தலை அரைவட்டம், சுவர் கோட்டை மாதிரித் தடிப்பு. நடுவுக்கு வரும்போது அந்த வட்டம் கொஞ்சம் கூராகிறது. மேற்கே போனால் முழுக் கோதிக்: கூர்வளைவு, உயரம், மெலிந்த சுவர். பாட்டன் தொடங்கியதைப் பேரன் தன் காலத்து மோஸ்தரில் முடித்திருக்கிறான். எந்தத் தூணில் பாட்டன் விட்டான், எந்தத் தூணில் பேரன் பிடித்தான் என்று தேடிக்கொண்டு நடப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. சம்பளம் தராவிட்டாலும் அதைச் செய்திருப்பேன்.

மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலை. முதல் நாள் முழுக்கப் புயல். தேவாலயத்தைப் பராமரிக்கிற போடில் என்னைக் கூப்பிட்டாள். என் வயதுக்காரி, எதற்கும் பதறமாட்டாள்.

"சனம் இருக்கிற வாங்குகளுக்கு மேல வெள்ளைத் தூள் விழுந்து கிடக்கு" என்றாள்.

"சுண்ணாம்பு உரிஞ்சிருக்கும், போடில். குளிருக்கு ஹீற்றரைக் கூட்டினால் அப்பிடித்தான்."

"அது எனக்கும் தெரியும். வருசா வருசம் கூட்டி அள்ளுறன். இதுக்குள்ள சிவப்பும் கிடக்கு."

வெள்ளை என்றால் பூச்சு. சிவப்பு என்றால் செங்கல். நான் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

கார்த்திக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அப்போது எங்களிடம் சேர்ந்து சில மாதங்கள்தான், ஆனால் தொழிலுக்குப் புதியவர் அல்ல. சென்னையிலும் பிறகு கோப்பன்ஹேகனிலும் பாலங்கள் கட்டியவர், கணக்கில் சூரர். கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயிலிருந்து மனைவி பிள்ளையோடு வைலேக்கு வீடு மாறி வந்திருந்தார். பழைய கட்டடத்துக்குள் அவர் வேலைக்காக நுழைந்தது அதுதான் முதல் தடவை.

சுழல்படியில் ஏறிக் கூரைக்குள் போனோம். கீழே இருந்து பார்க்கும்போது வானம் மாதிரி எழும்பி நிற்கிற செங்கல் வளைகூரைகள் மேலே இருந்து பார்த்தால் வேறு உருவம். ஒன்றன் பின் ஒன்றாக வீங்கின முதுகுகள், அவற்றுக்கு மேலே குறுக்குக் குறுக்காக ஓடுகிற பெரிய மர உத்திரங்கள். கார்த்திக் டோர்ச் லைற்றை அடித்துவிட்டு நின்றார்.

"இட்லித் தட்டைக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு மேடம்."

"அக்கா எண்டு கூப்பிடுங்கோ. மேடம் எண்டால் எனக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகம் வருது. இட்லிக்கு மேல மட்டும் கால் வைக்காதேங்கோ. அதின்ர தடிப்பு அரைச் செங்கல்தான்."

"அரைச் செங்கல்லா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "இவ்ளோ அகலத்துக்கு?"

மரக்கூரையும் வளைகூரையும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மரக்கூரை தன் பாரத்தைச் சுவரில் இறக்க வேண்டும், வளைகூரை தன்னை மட்டும் சுமந்தால் போதும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி எப்போதும் இருக்கும். மேற்கிலிருந்து இரண்டாவது வளைகூரைக்கு மேலே குனிந்து கையை விட்டேன். போகவில்லை. பையிலிருந்த வங்கி அட்டையை எடுத்து நுழைத்துப் பார்த்தேன். அதுவும் போகவில்லை. உத்திரம் வளைகூரையின் உச்சியில் குந்தியிருந்தது.

சுவரோரம் போய் உத்திரத்தின் நுனியைக் கார்ச் சாவியால் குத்தினேன். கேக்கில் குத்தின மாதிரி உள்ளே போனது. எங்கேயோ ஓடு விலகி, வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கி, மரம் உக்கிப்போயிருந்தது. புயல் மிச்சத்தைச் செய்துவிட்டது. பெரிய கூரையின் ஒரு பங்கு அந்த அரைச் செங்கல் முதுகில் ஏறியிருந்தது.

கார்த்திக் கீழே இறங்கி லேசர் ஸ்கேன் எடுத்தார். அந்த வளைகூரையின் உச்சி பக்கத்தில் இருந்தவற்றைவிடத் தாழ்ந்திருந்தது படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

"இறங்கியிருக்கு அக்கா."

"எப்ப இறங்கினது?"

அவர் படத்தைத் திரும்பப் பார்த்தார். அதுதான் பிரச்சினை. துறவிகள் நூல் பிடித்துக் கட்டியவர்கள் அல்ல, அங்கே ஒரு வளைகூரையும் மற்றதைப் போல இல்லை. இந்தத் தாழ்வு கட்டின அன்றைக்கே இருந்ததா, நேற்று வந்ததா? ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஸ்கேன் கிடையாது.

விரிசலைப் பார்த்தோம். போடில் உயரமான ஏணிச் சாரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள், அதைப் பக்கத்து வளைகூரைக்குக் கீழான கட்டத்தில் நிறுத்திக் கமராவை நீட்டிப் படம் எடுத்தோம். பழைய விரிசலுக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும், சிலந்தி குடியிருக்கும். புதிய விரிசலின் விளிம்பு கூர், உள்ளே செங்கல்லின் புதுச் சிவப்பு. இந்த விரிசல் இரண்டுமாக இருந்தது. தாத்தா காலத்து விரிசல், பல தடவை சுண்ணாம்பு பூசி மூடியது. அதற்கு நடுவில் தலைமயிர் அளவு புதுக்கோடு ஒன்று.

நான் எங்கள் அலுவலகத்தின் மூத்த பொறியியலாளரைக் கூப்பிட்டேன். அவர் அன்றைக்கு ஓல்போர்க் நகரில் வேறு வேலையில் நின்றார். படங்களை அனுப்பினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, உத்திரத்தைத் தாங்க என்ன செய்ய வேண்டும், தச்சர்களை எப்போது அனுப்பலாம் என்று சொன்னார். அடுத்த கிழமைக்கு முன் ஒன்றும் நடக்காது. நான் கேட்டேன்: "அதுவரைக்கும் ஆக்களை உள்ள விடலாமா?"

"நான் படத்தைத்தான் பார்க்கிறன். நீர் அங்கே நிற்கிறீர். நீர் என்ன முடிவெடுத்தாலும் நான் அதுக்குப் பின்னால நிற்பன்."

அன்றைக்கு எனக்கு அந்த மனுசனில் கோபம்தான் வந்தது. பின்னால் நிற்பவர் முன்னால் ஒருக்கால் வந்து நின்றால் என்ன என்று நினைத்தேன். கிட்ட நிற்கிறவள் கையில் முடிவை விட்டதுதான் அவர் எனக்குச் செய்த பெரிய மரியாதை என்பது பிறகுதான் விளங்கியது.

அதற்குள் திருச்சபைக் குழுவின் தலைவர் பௌல் வந்து சேர்ந்தார். ஊரில் பால்பண்ணை வைத்திருப்பவர், நேரத்தை வீணாக்காத மனிதர். தொப்பியைக் கழற்றாமலே கேட்டார்.

"சனிக்கிழமை அக்சலின்ர அடக்கம். தெரியும்தானே?"

எனக்குத் தெரியாது. போடில் சொன்னாள். அக்சல் அந்தத் தேவாலயத்தில் வாழ்நாளில் பெரும்பகுதி ஓர்கன் வாத்தியம் வாசித்தவர். ஊரில் ஞானஸ்நானம், கல்யாணம், செத்தவீடு எதுவென்றாலும் அவருடைய கைதான். ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். ஓர்கன் இருப்பது மேற்குச் சுவரில், கடைசி வளைகூரைக்குக் கீழே. நாங்கள் பயப்படுகிற வளைகூரை அதற்குப் பக்கத்துக் கட்டம்.

"விழுமா?" என்று கேட்டார் பௌல்.

"தெரியாது."

"தெரியாது எண்டால்?"

"விழாமலும் இருக்கலாம். ஆனால் விழாது எண்டு என்னால சொல்லேலாது."

அவர் மேலே பார்த்தார். இந்தத் தொழிலில் நீங்கள் ஆயிரம் தடவை கேட்கப்போகிற வசனத்தைச் சொன்னார். "இவ்வளவு காலமும் நின்றதுதானே. எழுநூறு வருசம் நின்றது சனிக்கிழமை பின்னேரம் பார்த்தோ விழப்போகுது?"

அது முட்டாள்தனமான கேள்வி அல்ல. எனக்குள்ளேயும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவரைக் கடைசிக் கட்டத்தின் ஓரத்துக்கு, சுவரோடு ஒட்டியபடி கூட்டிக்கொண்டு போனேன். பல வருடமாக என்னைக் குடைந்துகொண்டிருந்த ஒரு மூலை அங்கே இருந்தது. மற்ற வளைகூரைகளைத் தாங்குகிற விலா வளைவுகள் விளிம்பு கூரானவை. இந்தக் கட்டத்தில் மட்டும் அவை உருண்டையானவை. செங்கல்லும் சிறியது. ஆனால் மூலையில், தலைக்கு மேலே, விலா தொடங்குகிற முதல் சில செங்கற்கள் மட்டும் மற்றவை போலக் கூரானவை. பழைய வேரில் புதுத் தண்டை ஒட்டினது போல.

"ஏன் எண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் உற்றுப் பார்த்தார். மாட்டின் நடையைப் பார்த்து நோயைச் சொல்கிற மனிதர், பார்க்கத் தெரிந்தவர். "மேல்பாதியைப் பிறகு கட்டியிருக்கினம்."

"முதல் கட்டினது எங்க?"

அவர் மேலே பார்த்தார், பிறகு நாங்கள் நின்ற தரையைப் பார்த்தார்.

"ஓம்," என்றேன். "அது ஒருக்கால் விழுந்திருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன். எப்ப, ஆருக்கு மேல எண்டு தெரியாது. நின்றதுகளைத்தான் நாங்கள் பார்க்கிறம், பௌல். விழுந்ததைத் திரும்பக் கட்டிப் பூசிவிட்டால் அதுவும் எழுநூறு வருசம் நின்ற மாதிரித்தான் தெரியும்."

பௌல் தொப்பியைக் கழற்றினார். "சரி, மூடுங்கோ. ஆனால் இங்கரிட்ட நீங்கள்தான் சொல்ல வேணும். நான் சொல்லமாட்டன்."

இங்கர் அக்சலின் மனைவி. எண்பதை நெருங்கிய, மெலிந்த, நேராக நிமிர்ந்து நிற்கிற பெண். அவளுடைய வீட்டுக் குசினியில் உட்கார்ந்து சொன்னேன். பொய் ஆறுதல் எதுவும் சேர்க்கவில்லை. நீளமண்டபம் பூட்டப்படும், ஓர்கனுக்குக் கிட்ட ஒருவரும் போகேலாது.

"அரை மணித்தியாலம்தான் வாசிப்பு," என்றாள். "வாசிக்கிறவன் சம்மதிச்சால்?"

"அவர் சம்மதிச்சாலும் நான் சம்மதிக்கேலாது."

"நாற்பது வருசத்துக்கு மேல அந்த வாங்கில இருந்தவர். அவருக்குக் கடைசியா ஒருக்கால் அந்தச் சத்தம் இல்லையா?"

பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் யன்னலைப் பார்த்தபடி தலையாட்டி மறுத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து மின்சாரக் கீபோர்ட் ஒன்று கொண்டுவரலாம் என்றேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

"அதை வாசிச்சால் அக்சல் பெட்டிக்குள்ளயிருந்து எழும்பிப் போயிடுவார்."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே அழுகையும் வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களில எனக்குக் கோபம்" என்றாள், மிகவும் நிதானமாக. "ஓம்" என்றேன். பிள்ளைகளே, ஒருவருடைய கோபத்தை உடனே ஆற்றிவிட வேண்டும் என்று அவசரப்படாதேங்கோ. அந்த அவசரத்தில்தான் ஆட்கள் தங்கள் முடிவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறார்கள். அரை மணித்தியாலம்தானே, கரையில் மட்டும்தானே என்று தொடங்கும்.

திரும்பி வந்தபோது கார்த்திக் சிலுவையின் நடுவில் ஸ்கேனரைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். நாங்கள் இருவரும் கிழக்குப் பகுதியைப் பார்த்தோம். நடுவில் நாலு பெரிய தூண்கள், தடித்த வளைவுகள். நீளமண்டபத்து வளைகூரைகள் பஸ் வாங்கில் நெருக்கியடித்து இருக்கிறவர்கள் போல ஒன்றோடொன்று தோள் சாய்ந்து நிற்பவை, ஒன்று சரிந்தால் மற்றது ஆடும். கிழக்கு அப்படியில்லை, அது பாட்டன் கட்டினது. தன் காலில் தானே நிற்கும். ஓல்போர்க்குக்குத் திரும்ப அழைத்துக் கேட்டேன். கிழக்கைப் பற்றிப் பொறியியலாளருக்கும் அதே எண்ணம்தான்.

"அப்ப ஃபியூனரலை இங்க கிழக்கிலயே வச்சிக்கலாமே அக்கா?"

"வைக்கலாம். பெட்டியை எப்பிடிக் கொண்டு வாறது? பெரிய கதவு ரெண்டும் நீளமண்டபத்துக்குள்ள. இங்க இருக்கிறது பாதிரியார் உடுப்பு மாத்துற அறைக் கதவு மட்டும்தான். அதுக்குள்ளால ஆளே சரிஞ்சுதான் போக வேணும்."

அவர் ஸ்கேனர் பையை மூடினார். பிறகு கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. கோயிலுக்குள்ள பிணத்தைக் கொண்டு வர்றதே எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. எங்க ஊர்ல தெருவுல ஒரு சாவுன்னா, எடுக்கிற வரைக்கும் கோயில் நடையையே சாத்திடுவாங்க."

"எங்கட ஊரிலயும் அப்பிடித்தான்."

"இவங்க சாமி முன்னாடியே வைக்கிறாங்க. சரி, அந்தத் துறவிங்க செத்தா? மேற்குப் பக்கம் வேற ஆளுங்களுக்குன்னு வர்ற வழியில சொன்னீங்களே. நடுவுல சுவர் இருந்துச்சுன்னு."

சொல்லியிருந்தேன். மடம் இருந்த காலத்தில் கிழக்குப் பாதி துறவிகளுக்கு, மேற்குப் பாதி வயலிலும் பட்டறையிலும் உழைத்த மடத்துச் சகோதரர்களுக்கு. நடுவில் தடுப்புச் சுவர்.

"அப்ப இந்தப் பாதியில செத்தவங்களை எந்த வழியா வெளிய எடுத்துட்டுப் போனாங்க?"

நான் அவரைப் பார்த்தேன். இத்தனை வருடம் அந்தக் கட்டடத்துக்குள் போய்வந்திருக்கிறேன். இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. தெற்கே மடம் இருந்தது, கல்லறை வடக்கே. உயிரோடு இருப்பவர்கள் தெற்கிலிருந்து வந்தார்கள் என்றால் இறந்தவர்கள் வடக்கால்தான் போயிருக்க வேண்டும்.

இருவரும் சிலுவையின் வடக்குக் கைக்குப் போனோம். அங்கே பாட்டுப் புத்தக அலுமாரியும் அடுக்கிய கதிரைகளும் கிறிஸ்மஸ் சோடனைப் பெட்டிகளும்தான் தெரிந்தன. போடிலைக் கூப்பிட்டோம்.

"அதுக்குப் பின்னால ஒரு கதவு இருக்குத்தான்," என்றாள். "குளிர்காத்து வருது எண்டு எனக்கு முந்தி வேலை செய்தவை அலுமாரியால அடைச்சவை. நான் திறந்ததே இல்லை."

அலுமாரியை மூவரும் தள்ளினோம். பின்னால் தாழ்ந்த கூர்வளைவுக்குள் ஒரு மரக்கதவு. மரத்துக்கு அவ்வளவு வயதில்லை, வாசலுக்கு வயது. போடில் பூட்டுக்குள் எண்ணெய் விட்டாள், சாவிக் கொத்து முழுவதையும் போட்டுப் பார்த்தாள், ஒன்று திரும்பியது. கதவு முனகிக்கொண்டு திறந்தபோது குளிரும் வெளிச்சமும் ஒன்றாக உள்ளே வந்தன. வெளியே பழைய கல்லறைத் தோட்டம்.

கார்த்திக் அகலத்தை அளந்தார். பெட்டியும் இரண்டு பக்கமும் தூக்குகிறவர்களும் போகத் தாராளம். பிறகு குந்தி, வாசற்படிக் கருங்கல்லைக் கையால் தடவினார்.

"அக்கா, இதைப் பாருங்க. படி நடுவுலதானே தேயும்?"

எந்த வாசற்படியும் நடுவில்தான் தேயும், ஆட்கள் நடுவில்தான் மிதிப்பார்கள். இந்தக் கல் இடமும் வலமும் இரண்டு இடத்தில் குழிந்திருந்தது. நடு மட்டும் தேயாமல் மேடாக இருந்தது. நடுவில் மிதிக்காமல் இரண்டு வரிசையாக நடந்தவர்களின் காலடி அது. அவர்களுக்கு நடுவில் சுமை இருந்திருக்கிறது.

இதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா என்று பிறகு ஒரு வரலாற்று ஆசிரியர் என்னிடம் கேட்டார். இல்லை. கல் தேய்ந்திருக்கிறது, வடக்கே கல்லறை இருக்கிறது, இப்படியான மடங்களில் இறந்தவர்களுக்கென்று வடக்கில் வாசல் வைப்பது வழக்கம். நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இங்கரிடம் திரும்பப் போய்ச் சொன்னேன். அவள் தேய்ந்த படியைப் பற்றித்தான் அதிகம் கேட்டாள். கடைசியில், "ஓர்கன் இல்லாமல் சனம் பாடுமா?" என்றாள், தனக்குத்தானே.

சனிக்கிழமை கிழக்குப் பகுதி நிரம்பி வழிந்தது. நீளமண்டபத்தை மரப்பலகையால் அடைத்திருந்தோம். வெள்ளைப் பெட்டி பலிபீடத்துக்கு முன்னால், பூக்களுக்கு நடுவே. கதிரை கிடைக்காதவர்கள் வடக்கு வாசலுக்கு வெளியே கோட்டும் தொப்பியுமாகக் கல்லறைகளுக்கு நடுவில் நின்றார்கள், கதவைத் திறந்தே வைத்தோம். நான் பலகை ஓரத்தில் நின்றேன். காது முழுக்க மேற்குப் பக்கம்தான். கார்த்திக் பக்கத்தில் நின்றார். அவருக்கும் அப்படித்தான் என்று முகத்தில் தெரிந்தது.

முதல் பாட்டு தடுமாறியது. ஓர்கன் தொடக்கிக் கொடுக்கும் என்று காத்திருந்தே பழகியவர்கள், ஆளுக்கொரு சுருதியில் தொடங்கினார்கள். வெளியே நின்றவர்கள் அரை வரி பின்னுக்கு வந்தார்கள். பாதிரியார் கையை உயர்த்தி ஏதோ செய்யப் பார்த்தார். அப்போது முன்வரிசையில் இருந்து இங்கரின் குரல் வந்தது. வயதான குரல், ஆனால் சுருதி அசையவில்லை. மற்றவர்களின் வேகத்துக்கு அவள் போகவில்லை. மிக மெதுவாக, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மூச்சுவிட நேரம் கொடுத்துப் பாடினாள். இரண்டாவது பத்தியில் முழுச் சனமும் அவளோடு சேர்ந்துவிட்டது. அந்தத் தடித்த சுவர்கள் வாத்தியம் இல்லாத குரலுக்கென்று கட்டினவை. சத்தம் மேலே போய், ஒன்றாகச் சேர்ந்து, எங்கள் தலைமேல் இறங்கியது. பிறகு போடில் எனக்குச் சொன்னாள்: அக்சல் எப்போதும் சனத்துக்குப் பொறுமை போகும் அளவுக்கு மெதுவாகத்தான் வாசிப்பாராம். ஊர் முழுக்க அதைப் பற்றி முறைப்பாடு.

ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள், பக்கத்துக்கு மூன்று பேர். அதில் பௌலும் ஒருவர். வாசற்படிக்கு வந்ததும் அவர் குனிந்து கீழே பார்த்துக் காலை வைத்தார்.

அடுத்த கிழமை தச்சர்கள் வந்தார்கள். சுவரிலிருந்து சுவருக்கு இரும்பு போட்டு, ஜாக்கி வைத்து, உத்திரத்தை மெல்ல மெல்லத் தூக்கினார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். பாரம் விலகியபோது வளைகூரை கொஞ்சம் பொடி உதிர்த்தது, அவ்வளவுதான். ஒரு செங்கல்கூட விழவில்லை. உக்கின நுனியை வெட்டிப் புது மரம் பொருத்தினார்கள், கொத்தனார் விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பினார். ஈஸ்டர் பாஸ்குப் பண்டிகைக்கு முன் மண்டபம் திறந்துவிட்டது.

பௌல் என்னைத் தனியே கூப்பிட்டார். "அப்ப, சனிக்கிழமை விழுந்திராது?"

"தெரியாது."

"இப்பவும் தெரியாதா?"

"இனி ஒருக்காலும் தெரியாது, பௌல்."

அவர் கொஞ்சம் சிரித்தார், அதில் திருப்தி இல்லை. அவரைக் குறை சொல்லேலாது. ஊர் தன் ஓர்கன்காரனை ஓர்கன் இல்லாமல் அனுப்பியது. அதற்குப் பதிலாக என்னிடம் கேட்டது ஒரு ஆதாரம், என்னிடம் அது இல்லை. மூடாமல் விட்டு விழுந்திருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மூடி, விழாமல் இருந்தால், நீங்கள் செய்தது சரியா, வீண் பயமா என்று ஒருவராலும் சொல்லமுடியாது. உங்களாலும்தான். இந்தத் தொழிலில் சரியான முடிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் முடியும், கைதட்டு இல்லாமல், கொஞ்சம் சந்தேகத்தோடு. அதைத் தாங்கப் பழகுங்கோ. கணக்கைவிட அது கடினம்.

கார்த்திக் அன்றைக்கு எடுத்த ஸ்கேன் இப்போது அந்தத் தேவாலயத்தின் முதல் ஸ்கேன். இனி ஒருவர் "எப்ப இறங்கினது?" என்று கேட்டால் ஒப்பிட ஒன்று இருக்கும். வடக்குக் கதவுக்கு முன்னால் அலுமாரியைத் திரும்ப வைக்கவில்லை. ஊரில் சிலர் தங்கள் வீட்டு ஆட்களையும் அந்த வழியால் கொண்டுபோகக் கேட்கிறார்கள் என்று போடில் சொன்னாள்.

கடைசித் தடவை நான் அங்கே போனது அந்த வருடம் வைகாசியில், வேலையைப் பார்த்து ஒப்பம் வைக்க. முடிந்து வெளியே வந்தபோது இங்கர் கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தாள். சுகம் விசாரித்தோம். புதிதாக ஓர்கன் வாசிக்க வந்த பெண் மிக வேகமாக வாசிக்கிறாள் என்று முறைப்பட்டாள்.

"உங்களில எனக்குக் கனநாள் கோபம் இருந்தது," என்றாள்.

"தெரியும்."

"போன ஞாயிற்றுக்கிழமை என்ர பழைய இடத்தில போய் இருந்தன். மேற்கிலயிருந்து ரெண்டாவது வளைகூரைக்குக் கீழதான் நான் எப்பவும் இருக்கிறது, அவர் வாசிக்கிறது நல்லாக் கேட்கும் எண்டு. பிரசங்கம் முடிஞ்சுது, பாட்டு முடிஞ்சுது. வீட்ட வந்து கோப்பி போடேக்குள்ளதான் யோசிச்சன்." வாளியைத் திரும்பக் கையில் எடுத்தாள். "விழுமோ எண்டு நான் ஒருக்கால்கூட மேல பார்க்கவே இல்லை."